எஸ்யூவி பின்பக்கம்: எல்இடி டெயில் லைட், ரிஃப்ளெக்டர், கேமரா, ஸ்டெப் (மதுரை)

பசுமலை_டீசல்

வணக்கம் அண்ணே எல்லாருக்கும். வண்டி 2015 மாடல் டீசல் எஸ்யூவி, ஸ்டெப்னி பின்கதவுல தொங்குற வகை. பின்னாடி முழுக்க ஃபிலமென்ட் பல்புதான். எல்இடி டெயில் லைட் செட்டு, பம்பர்ல எல்இடி ரிஃப்ளெக்டர், ரிவர்ஸ் கேமராவும் பார்க்கிங் சென்சாரும், கீழ ஒரு இரும்பு ஸ்டெப், இந்த நாலும் போடணும்னு இருக்கேன். பைபாஸ் ரோட்டுக் கடைகள்ல கேட்டா "கப்ளரக் (வயரு சேருற சொருகி) கழட்டிச் சொருகுனா முடிஞ்சுச்சு"ன்றாய்ங்க. எனக்கு ராத்திரி ஓட்டம் அதிகம், வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல், சில நேரம் போடிமெட்டு. பின்னால வர்றவருக்கு நல்லாத் தெரியணும், அதுதான் தேவை. பல்பு மட்டும் மாத்துனாப் போதுமா, செட்டே மாத்தணுமா? எதுல ஆரம்பிக்கிறது?

வாடிப்பட்டி_வயர்மேன்

தம்பி, காசு குடுக்குறதுக்கு முன்னாடி இருக்குற எர்த்தைப் பாருங்க. பார்க், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாத்துக்கும் ஒரு பக்கத்து லைட்டுல ஒரே எர்த் வயருதான் பொதுவா இருக்கும். அது பாடில முறுக்குன இடத்துல துரு ஏறியிருந்தா எந்த எல்இடி போட்டாலும் கூத்துதான்.

சோதனை சுலபம். பார்க் லைட்டப் போட்டுட்டு ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி நீங்க பின்னாடி நில்லுங்க. மிதிக்கும்போது பார்க் மங்குனாலோ, இண்டிகேட்டர் லேசா மினுங்குனாலோ எர்த் போச்சுன்னு அர்த்தம். பிரேக்குக்கு வந்த கரண்ட் பாடிக்கு இறங்க வழியில்லாம பக்கத்து ஃபிலமென்ட் வழியா அடுத்த லைனுக்குள்ள பூந்து, அந்தப் பக்கத்து எர்த்தைத் தேடிப் போகுது. ஃபிலமென்ட் பல்புல இது பல வண்டில கண்ணுக்கே தெரியாது. எல்இடிக்கு சில மில்லியாம்பியர் போதும், உடனே காட்டிக் குடுத்துரும். புது லைட்டு சரியில்லன்னு கடைக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போறவங்க நிறைய, கோளாறு வண்டில இருக்கும்.

அளந்து பாக்கணும்னா மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை லைட்டு கப்ளரோட எர்த் பின்னுல, இன்னொரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வைங்க. பழைய பல்பு மாட்டினபடியே இருக்கணும், பிரேக், பார்க், இண்டிகேட்டர் மூணும் எரியணும். 0.1, 0.2 வோல்ட் வந்தா நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல வந்தா எர்த் போல்ட்டக் கழட்டி, எமரி பேப்பர்ல உலோகம் பளிச்சுன்னு தெரியத் தேச்சு, வயர் முனைல புது லக் கிரிம்ப் பண்ணி, முள் வாஷர் போட்டு முறுக்கி, மேல பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. ரெண்டு பக்கமும் செய்யணும்.

உங்க வண்டில ஸ்டெப்னியோட கனத்தைத் தாங்கிட்டு கதவு தொறந்து மூடுது. கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய்க்குள்ள வயர்கள் போகும், அதையும் உருவிப் பாருங்க. வருசக்கணக்கா மடங்கி மடங்கி உள்ள செம்பு அறுந்திருக்கும், மேல பிளாஸ்டிக் முழுசாத் தெரியும். நம்பர் பிளேட் லைட்டு விட்டு விட்டு எரியுதுன்னா முதல்ல அங்கதான் தேடணும்.

தெப்பக்குளம்_12வோல்ட்

பல்பா, செட்டா என்பதற்கு: உங்கள் பழைய லைட்டின் உள்ளே வெள்ளிப்பூச்சு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் குழி வடிவம் ஃபிலமென்ட் இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்இடி பல்பில் சிப்புகள் (வெளிச்சம் தரும் புள்ளிகள்) அந்த உயரத்திலேயே, நான்கு பக்கமும் பார்த்தபடி இருந்தால்தான் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவும். நுனியில் மட்டும் சிப்பு உள்ள பல்பைப் போட்டால் நடுவில் ஒரு கூசும் புள்ளி, சுற்றிலும் இருட்டு. நேர் பின்னால் நிற்பவருக்குப் பிரமாதமாகத் தெரியும். பக்கத்து லேனில் வரும் பைக்காரருக்குத் தெரியாது.

பிரேக்கும் பார்க்கும் சேர்ந்த டபுள் கான்டாக்ட் பல்பு 21/5 வாட். அதில் பிரேக் ஃபிலமென்ட் சுமார் 440 லூமென் (வெளிச்ச அளவு), பார்க் ஃபிலமென்ட் சுமார் 35 லூமென். பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். மலிவு எல்இடியில் அடிபடுவது இந்த வித்தியாசம்தான். பார்க்கையே பளீரென்று எரிய விடுவார்கள். பிரேக் போட்டால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் போட்டதே புரியாது. பார்க்கும் பிரேக்கும் ஒரே கண்ணாடிக்குள் இருந்தால் பிரேக் குறைந்தது ஐந்து மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா. வாகன ஒழுங்குமுறை. வாங்கும் முன் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

நிறம் முக்கியம். சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்இடிதான், ஆரஞ்சுக் கண்ணாடிக்குள் ஆரஞ்சுதான். வெள்ளை எல்இடி உண்மையில் நீல சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் சிவப்பு அலைநீளம் குறைவு, நீலத்தையும் பச்சையையும் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிடும். பெட்டியில் எத்தனை லூமென் போட்டிருந்தாலும் வெளியே வருவது மங்கலான ரோஸ் நிறம்.

எல்இடியின் உண்மையான லாபம் வேகம். ஃபிலமென்ட் சூடாகி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்த 0.2 விநாடியில் பின்னால் வரும் வண்டி 5.5 மீட்டர் நகர்ந்துவிடும். திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் இது பெரிய தூரம்.

உசிலை_ஹைபீம்

12வோல்ட் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. ராத்திரி ஷெட்டுல எரிய விட்டுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி மூஞ்சி கிழக்கப் பாத்து நிக்கட்டும், உசிலம்பட்டில இருந்து மதுரைக்கு வர்ற திசை. மேற்க இருந்து வெயிலு நேரா டெயில் லைட்டுக்குள்ள விழும், உள்ள இருக்குற வெள்ளிப்பூச்சு வெயிலைத் திருப்பி அடிச்சு, எரியாத லைட்டே எரியுற மாதிரி தெரியும். முப்பது மீட்டர் தள்ளி நின்னு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. அந்த வெயில்ல பிரேக் தெரிஞ்சாத்தான் அது லைட்டு.

ஸ்மோக் ஃபிலிம், கறுப்பு ஸ்ப்ரே ரெண்டும் வேண்டவே வேண்டாம். பத்து வருச லென்ஸ் ஏற்கெனவே மங்கிப் போயிருக்கும்.

பசுமலை_டீசல்

நன்றிண்ணே. எர்த் சோதனை செஞ்சேன், இடது பக்கம் 0.7 வோல்ட் காட்டுது. முதல்ல அதைச் சரி பண்றேன். இண்டிகேட்டரையும் எல்இடி ஆக்கலாம்னா கடைல ரெசிஸ்டர் வைக்கணும்னாங்க. வைக்கலாமா?

வாடிப்பட்டி_வயர்மேன்

இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃப்ளாஷர், பல்பு இழுக்குற கரண்ட்டைப் பாத்துத்தான் வேகத்தை வைக்கும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும், எல்இடி அதுல கால்வாசி கூட இழுக்காது. பல்பு பியூஸ் போச்சுன்னு நெனச்சு ஃப்ளாஷர் படபடன்னு அடிக்கும். நிமிசத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ள அடிக்கணும், அதுக்கு மேல போனா இண்டிகேட்டர் மாதிரியே தெரியாது. உங்க வண்டில ஃப்ளாஷர் தனி ரிலேவா (கரண்ட்டை விட்டு நிறுத்துற சின்னப் பெட்டி) இருந்தா டேஷ்போர்டுக்குக் கீழ டக் டக்னு சத்தம் வர்ற இடத்துல இருக்கும். அதைக் கழட்டிட்டு எல்இடி ஃப்ளாஷர் ஒண்ணு போட்டா வேலை முடிஞ்சுது. பின் எத்தனை, எந்த வரிசைன்னு பழசோட ஒத்துப் பாத்து வாங்குங்க.

தனி ரிலே இல்லாம பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்குள்ளயே (லைட்டை எல்லாம் நடத்துற கம்ப்யூட்டர் பெட்டி) இருந்தாத்தான் ரெசிஸ்டர். 6 ஓம், 50 வாட், ஒரு பல்புக்கு ஒண்ணு. இண்டிகேட்டர் வயருக்கும் எர்த்துக்கும் குறுக்க, பேரலலா வரணும். சீரீஸ்ல போட்டா எல்இடி மங்கிரும், ஃப்ளாஷர் படபடப்பும் நிக்காது.

தெப்பக்குளம்_12வோல்ட்

ரெசிஸ்டர் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 13.5 வோல்ட்டில் 6 ஓம் என்றால் 2.25 ஆம்பியர், 30 வாட் சூடு. இண்டிகேட்டர் பாதி நேரம்தான் எரியும் என்பது சரி. ஆனால் வண்டி ரோட்டோரம் பிரேக்டவுன் ஆகி ஹசார்ட் (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து) போட்டபடி அரை மணி நேரம் நின்றால், சித்திரை வெயிலில் அந்த ரெசிஸ்டரைத் தொட முடியாது. பிளாஸ்டிக் டிரிம்மின் மேல் இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். டிரிம் இளகும், பக்கத்து வயரின் இன்சுலேஷன் உருகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பாடித் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ போட்டு, வயரிலிருந்து விலக்கி, அதன் சொந்த வயருக்குக் கண்ணாடியிழை ஸ்லீவ் போட்டு வையுங்கள்.

அதைவிடப் பெரிய குறை: எல்இடி செத்துப்போனாலும் ரெசிஸ்டர் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டில் அம்புக்குறி வழக்கமான வேகத்தில் அடிக்கும். பின்னால் இண்டிகேட்டர் எரியவில்லை என்று ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் மாட்யூல் உள்ள வண்டியில் இண்டிகேட்டரை மட்டும் ஃபிலமென்ட்டாகவே விட்டுவிடுங்கள் என்பேன். பார்க், பிரேக், நம்பர் பிளேட் எல்இடி ஆனாலே நீங்கள் கேட்ட பலன் கிடைத்துவிடும்.

வாடிப்பட்டி_வயர்மேன்

அது நியாயம்தான். தனி ரிலே இருந்தா எல்இடி, மாட்யூல்னா ஃபிலமென்ட். அப்படியே வச்சுக்கலாம்.

ஓடுற இண்டிகேட்டர் கேக்குறாங்க நிறைய பேர். ஓடலாம், தப்பில்ல. ஆனா உள்ள இருந்து வெளிய ஓடணும், 200 மில்லி விநாடிக்குள்ள கடைசி சிப்பு வரைக்கும் எரிஞ்சிரணும், எரிஞ்சதெல்லாம் அந்த அடி முடியிற வரைக்கும் அணையாம நிக்கணும். சில செட்டுல நிதானமா ஊர்ந்து போகும், முழுசா எரியுறதுக்குள்ள அணைஞ்சிரும். அதை வாங்காதீங்க.

மேலூர்_ரோடு

பம்பர் ரிஃப்ளெக்டர் பத்தி யாரும் பேசலையே. அதுதான் இந்த நாலுல ஆபத்தானது.

கம்பெனி குடுக்குற சிவப்பு ரிஃப்ளெக்டருக்குக் கரண்ட்டே வேண்டாம். பேட்டரி செத்து, லைட்டு எல்லாம் அணைஞ்சு, மேலூர் பக்கம் நான்குவழிச் சாலை ஓரத்துல வண்டி கிடந்தாலும், பின்னால வர்ற லாரியோட ஹெட்லைட்டை வாங்கி அந்த டிரைவர் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். மோட்டார் வாகன விதிகள்ல பின்பக்கம் ரெண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம்னு வச்சதுக்கு அதுதான் காரணம். அதைப் பிடுங்கிட்டு எல்இடி வைக்கிறபோது, புதுசுல திருப்பி அனுப்புற அமைப்பு இருக்கான்னு பாக்கணும். பல செட்டுல வெறும் சிவப்பு பிளாஸ்டிக்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க ரெண்டு வழி. லென்ஸ்ல பொடி எழுத்துல வட்டத்துக்குள்ள ஈ (E) எழுத்தும் நம்பரும் இருக்கும், அதுக்குப் பக்கத்துல ஐ, ஏ (IA)-ன்னு ரெண்டு ஆங்கில எழுத்து இருந்தா அது ரிஃப்ளெக்டர்னு அங்கீகாரம் வாங்குனது. அடுத்தது, இருட்டுல பத்துப் பதினஞ்சு மீட்டர் தள்ளி நின்னு, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல நெத்தி உயரத்துல பிடிச்சு அடிங்க. பளிச்சுன்னு சிவப்பு திரும்பி வரணும். கண்ணுக்குப் பக்கத்துல வைக்காம இடுப்புல வச்சு அடிச்சா நல்ல ரிஃப்ளெக்டரே மங்கலாத் தெரியும். ஏன்னா அது வெளிச்சம் வந்த திசைக்கேதான் திருப்பி அனுப்பும்.

சட்டத்தையும் சொல்லிடுறேன். வண்டியை மாத்தியமைக்கிறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கு. 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4) படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும். ரிவர்ஸ் லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் தவிர பின்பக்கம் வெள்ளை வெளிச்சம் கூடாது. ஸ்டெப்னிக்கு மேல வெள்ளை எல்இடி பார் போடுறது நேரடியான மீறல். பிரேக் போட்டா படபடன்னு மின்னுற மாட்யூலும் அப்படித்தான். சில புது கார்கள்ல வர்றது வேற: 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல கடுமையா பிரேக் அடிச்சாத்தான் அது வேலை செய்யும்.

நம்பர் பிளேட் லைட்டு வெள்ளையா, 15 மீட்டர்ல இருந்து நம்பர் வாசிக்கிற அளவுக்கு இருக்கணும். நீல எல்இடி வேண்டாம்.

பசுமலை_டீசல்

இந்த ரிஃப்ளெக்டர் விசயம் எந்தக் கடைலயும் சொல்லலைண்ணே. அப்ப பழசை எடுக்காம விட்டுடுறேன். கொடைக்கானல் மஞ்சுல பின்னால ஃபாக் லைட்டு வேணும்னு ஆசை. அதாவது போடலாமா?

தெப்பக்குளம்_12வோல்ட்

எல்இடி ரிஃப்ளெக்டருக்குச் செலவு செய்வதைவிட இது நல்ல செலவு. ரியர் ஃபாக் என்பது பார்க் லைட்டைவிடப் பல மடங்கு வீரியம். பார்க் லைட்டுக்குக் குறைந்தபட்சம் 4 கேண்டலா (ஒரு திசையில் வெளிச்சத்தின் வீரிய அளவு), ரியர் ஃபாக்குக்கு 150 கேண்டலா. ஒன்றுதான் போடுகிறீர்கள் என்றால் வலது பக்கம், டிரைவர் பக்கம் வர வேண்டும். பிரேக் லைட்டுக்கும் இதற்கும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் பிரேக் இதன் வெளிச்சத்தில் மறையும். தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு மேல், ஒரு மீட்டருக்குள்.

வயரிங்: டெயில் லைட் வயரிலிருந்து இழுக்காதீர்கள். தனி ரிலே, 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் பியூஸ் வழியாக, 87 ஃபாக்குக்கு, 86 ஸ்விட்சுக்கு, 85 எர்த்துக்கு. ஸ்விட்சுக்கான கரண்ட்டை ஹெட்லைட் லோ பீம் லைனிலிருந்து எடுங்கள். ஹெட்லைட் எரியும்போது மட்டுமே இது எரியும், அணைக்க மறந்தாலும் பகலில் தானாக அணைந்திருக்கும். ஹைபீமுக்கு மாற்றினால் லோ பீம் அணைந்துவிடும் வண்டியானால் ஃபாக்கும் கூடவே அணையும், மஞ்சில் ஹைபீம் போடக்கூடாது என்பதால் குறையில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் போதும். டேஷ்போர்டில் ஒரு சின்ன மஞ்சள் இண்டிகேட்டர் விளக்கு கட்டாயம் வையுங்கள். மஞ்சு விலகியதும் அணைக்க வேண்டும். தெளிந்த இரவில் இது எரிந்தால் பின்னால் வருபவரின் கண்ணைப் பறித்துவிடும்.

வாடிப்பட்டி_வயர்மேன்

வேலை செய்யுற முறை. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டிருங்க. லைட்டு ஓரம் பாடி பெயின்ட்டுல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. ரெண்டு போல்ட்டு எடுத்ததும் லைட்டை நேரா பின்பக்கமா இழுக்கணும், பக்கவாட்டுல நெம்புனா உள்ள இருக்குற பிளாஸ்டிக் பின்னு ஒடிஞ்சிரும். திரும்ப மாட்டும்போது கையால முறுக்கி, ஸ்பேனர்ல ஒரு சின்ன அழுத்து போதும். ஓவரா முறுக்குனா லைட்டோட காது வெடிக்கும், அங்க இருந்துதான் தண்ணி இறங்கும்.

வயர் நிறத்தை நம்பாதீங்க. பேட்டரியை மாட்டி, டெஸ்ட் லாம்ப் வச்சு ஒவ்வொரு பின்னா எது பார்க், எது பிரேக்னு பாத்து எழுதி வச்சுட்டு அப்புறம் இணைங்க. கம்பெனி வயரை வெட்டக் கூடாது. ரெண்டு பக்கமும் கப்ளர் உள்ள இடை ஹார்னஸ் வாங்குங்க, நாளைக்குப் பழசை மாட்டணும்னாலும் மாட்டலாம். கடிச்சு ஒட்டுற நீலக் கிளிப்பு போட விடாதீங்க. அது இன்சுலேஷனை அறுத்துத்தான் தொடுது, ஐப்பசி மழைல தண்ணி உள்ள போயி பச்சை பூத்து வயரையே தின்னுரும். கிரிம்ப் பண்ணி, உள்ள பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடணும். வெறும் இன்சுலேஷன் டேப் நம்மூரு வெயில்ல இளகி உருண்டு வந்துரும்.

இருந்தும் சில செட்டுல எல்இடி லேசா மினுக் மினுக்னு அடிக்கும். பல்பு நல்லாருக்கான்னு மாட்யூல் அப்பப்ப சின்னத் துடிப்பு அனுப்பிச் சோதிக்கும், ஃபிலமென்ட்டுக்கு அது உறைக்காது, எல்இடி எரிஞ்சு காட்டும். கான்பஸ் டிகோடர்னு விக்கிறது இதுக்குத்தான்.

உசிலை_ஹைபீம்

கேமரா, சென்சார், ஸ்டெப் மூணையும் ஒண்ணா யோசிங்க, தனித்தனியா வாங்குனா ஒண்ணுக்கு ஒண்ணு இடிக்கும். இரும்பு ஸ்டெப்பு சென்சாருக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு நின்னா சென்சார் அதையே தடைன்னு எடுத்துக்கிட்டு ரிவர்ஸ் போட்டாலே கத்தும். ஸ்டெப்பை முதல்ல மாட்டிப் பாத்து, அது குறுக்க வராத உயரத்துல, தரையில இருந்து 50, 60 சென்டிமீட்டர்ல சென்சார் ஓட்டை போடுங்க. சென்சார் பெட்டியோட வர்ற ஹோல் சா அளவைத் தவிர வேற போடாதீங்க. சென்சார் பின்பக்கத்துல அம்புக்குறி இருந்தா அது மேல பாக்கணும். தலைகீழா மாட்டுனா தரையையே தடைன்னு காட்டும்.

ஸ்டெப்னி கதவுல இருக்குறதால கேமராவை நம்பர் பிளேட்டுக்கு மேல வைக்கலாமான்னு பாருங்க, டயர் பாதிப் படத்தை மறைக்கக் கூடாது.

மேலூர்_ரோடு

ஸ்டெப்பு நேரா சேசிஸ்ல போல்ட் ஆகுற கனமான இரும்பா இருந்தா யோசிங்க. பின்னாடி லேசா இடிச்சாலும் பம்பர் நசுங்கி வாங்க வேண்டிய அடி நேரா சேசிஸ் நுனிக்குப் போகும். பைக்கு வந்து மோதுனா அவருக்குக் காலு போயிரும். கார்களுக்கு கிராஷ் கார்டு, புல் பார் போடுறது 52ஆவது பிரிவுக்கு விரோதம்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதிருச்சு. வயசானவங்க ஏறத்தான் வேணும்னா பக்கவாட்டு ஃபுட் போர்டு போதும். லைட்டு, கேமரா மாதிரி மின்சாதனங்களை இன்சூரன்ஸ் பாலிசில தனியாக் காட்டிச் சேத்துருங்க, இல்லன்னா இடிபட்டப்ப அதுக்குக் காசு வராது.

பசுமலை_டீசல்

சரிண்ணே, இரும்பு ஸ்டெப்பை விட்டுட்டேன். கேமரா கதவுல இருந்து முன்னாடி ஸ்க்ரீனுக்கு வரணும். படம் நடுங்குதுன்னு சொல்றாங்களே, எதனால?

தெப்பக்குளம்_12வோல்ட்

ரிவர்ஸ் லைட்டிலிருந்து கேமராவுக்குக் கரண்ட் எடுப்பதால்தான். மாட்யூல் உள்ள வண்டியில் அந்த லைனில் சீரான 12 வோல்ட் வராது, வேகமாக விட்டு விட்டு வரும். ஃபிலமென்ட் அதைச் சூடாக மாற்றிச் சமன் செய்துவிடும், கேமராவுக்கு அது கோடு கோடாகத் தெரியும். ரிவர்ஸ் லைன் ஒரு ரிலேயைத் தூண்டட்டும், கேமராவுக்கு இக்னிஷன் லைனிலிருந்து 2 ஆம்பியர் பியூஸ் வழியாகக் கரண்ட் வரட்டும். அந்தத் துடிப்பில் ரிலேயே தடதடத்தால் காயிலுக்கு முன்னால் ஒரு டயோடும், காயிலுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாராட், 25 வோல்ட் கெப்பாசிட்டரும் சேருங்கள். கெப்பாசிட்டரின் பிளஸ் மைனஸ் மாறக் கூடாது.

வீடியோ கேபிளை டெயில் லைட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் எதிர்ப்பக்கக் கதவடிச் சட்டம் (சில்) வழியாக முன்னே கொண்டுபோங்கள். கதவின் ரப்பர் குழாய்க்குள் நுழைக்கும்போது கதவை முழுக்கத் திறந்துவைத்து, கேபிள் இழுபடாத நீளம் விட்டுக் கட்டுங்கள். அதற்குள் நுழையும் இடத்துக்கு முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வாடிப்பட்டி_வயர்மேன்

எல்லாம் மாட்டுனதும் தண்ணி சோதனை. லைட்டுக்குப் பின்னால பாடி ஓட்டைல டிஷ்யூ பேப்பரை மடிச்சு வச்சு, ஹோஸ் பைப்புல மெதுவா பத்து நிமிசம் ஊத்துங்க, பிரஷர் வாஷ் வேண்டாம். பேப்பர் நனைஞ்சிருந்தா கேஸ்கட் சரியா உக்காரல. பியூட்டைல் டேப்பை அந்த வட்டம் முழுக்கச் சுத்தி ஒட்டி மறுபடி மாட்டுங்க. புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் பக்கம் போகாதீங்க, அது ஆறும்போது வர்ற அமிலம் செம்பையும் வெள்ளிப்பூச்சையும் அரிச்சிரும். நியூட்ரல்னு போட்டது வாங்கணும்.

லைட்டோட அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். தண்ணி போகுமேன்னு அதை அடைச்சிராதீங்க, உள்ள இருக்குற ஈரக் காத்து வெளிய போறதுக்கு அது ஒண்ணுதான் வழி.